ரோபோவுக்கு எதுக்கு வலி? பிராக் மேடையிலிருந்து சுஜாதா வரை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. இழுவையான இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இந்த வாரம் நான் பெங்களூர்ல இல்ல. நாட்றம்பள்ளியில எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. சென்னை - பெங்களூர் ஹைவே பக்கத்துலயே போகுது, எடிட்ல தூக்க முடியாது.

நாடகத்துக்கும் சயின்ஸ் ஃபிக்ஷனுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு எபிசோட் பண்ணணும்னு ரொம்ப நாளா ஐடியா. "ஒண்ணுக்கு மேடை, இன்னொண்ணுக்கு கிராஃபிக்ஸ், இதுல என்ன பேசப் போற?"ன்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க. எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்தைக் கொடுத்தது எங்க சித்தி.

சித்தி வாணியம்பாடி தாண்டி ஒரு ஷூ கம்பெனியில அப்பர் ஸ்டிச்சிங் பண்றாங்க. ஷூவோட மேல்பாகத் தோலைத் தைக்கிற வேலை. பன்னிரண்டு வருஷமா விடிஞ்சும் விடியாம கம்பெனி பஸ் ஏறுறாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவங்க, காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு கேட்டாங்க:

"ஏண்டி, ரோபோ ரோபோன்றாங்களே, அது இன்னாடி?"

கட்டிங் செக்ஷன்ல புது மெஷின் ஒண்ணு வந்திருக்கு. சூப்பர்வைசர் சிரிச்சுக்கிட்டே, "ரோபோ வந்துடுச்சு, இனிமே நீங்கல்லாம் வீட்டுல சீரியல் பாக்கலாம்"னு சொன்னாராம். நான் ஈஸியா, "எந்திரன் படத்துல ரஜினி வருவாரே சித்தி, அதான்"னேன். சித்தி விடல. "அது ரஜினி. இது ஒரு டேபிளு. மேல ஒரு கத்தி ஓடுது. ரெண்டுக்கும் எப்படிடி ஒரே பேரு?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லணும்னா நாம ஒரு நாடகக் கொட்டகைக்குத்தான் போகணும்.

அந்த வார்த்தை பொறந்த கதை

செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக். அவர் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1920ல புத்தகமா வந்துச்சு. 1921 ஜனவரியில பிராக் நகரத்து தேசிய நாடக அரங்கத்துல மேடை ஏறிச்சு. ஆர்.யூ.ஆர்.னா 'ரோஸம்ஸ் யூனிவர்சல் ரோபோட்ஸ்'. கதையில வர்ற கம்பெனியோட பேரு அது. ரோபோன்னு ஒரு வார்த்தை உலகத்துக்குக் கிடைச்சது இந்த நாடகத்துல இருந்துதான்.

வார்த்தையைக் கண்டுபிடிச்சது சாப்பெக் இல்ல, அவரோட அண்ணன் யோசெஃப். அவர் ஓவியர். நாடகத்துல வர்ற செயற்கைத் தொழிலாளிகளுக்கு என்ன பேர் வைக்கலாம்னு தம்பி போய்க் கேட்கறார். 'லபோரி'ன்னு ஒரு பேர் மனசுல இருந்துச்சு, ஆனா அது ரொம்பப் புத்தகத்தனமா இருக்குன்னு அவருக்கே பிடிக்கல. அண்ணன் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தார், வாயில பிரஷ். அப்படியே முனகற மாதிரி "ரோபோட்னு வையேன்"ன்னு சொல்லிட்டார். சாப்பெக்கே இதைப் பின்னாடி ஒரு பத்திரிகைக் குறிப்புல எழுதியிருக்கார்.

செக் மொழியில 'ரோபோட்டா'ன்னா என்ன தெரியுமா? பண்ணையாருக்குக் கூலி இல்லாம கட்டாயமா செய்யவேண்டிய வேலை. அந்தப் பக்கத்துல 1848 வரைக்கும் அது சட்டப்படியே இருந்துச்சு.

இதுக்கு நம்ம ஊர்லயும் ஒரு பழைய சொல் இருக்கு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகள்ல வர்ற 'வெட்டி'ன்னா ஊதியம் இல்லாம கட்டாயமா செய்யற உழைப்பு. இன்னைக்கு நாம 'வெட்டியா இருக்கான்'னு சொல்றோம், வேலை இல்லாம சும்மா இருக்கான்ங்கற அர்த்தத்துல. கூலியில்லாத கடும் உழைப்பைச் சொன்ன ஒரு வார்த்தை, சும்மா இருக்கறதைச் சொல்ற வார்த்தையா மாறிடுச்சு.

கவனிங்க, ரோபோங்கற சொல்லுக்குள்ள இரும்பு இல்ல, சர்க்யூட் இல்ல, மோட்டாரும் இல்ல. உழைப்பு மட்டும்தான் இருக்கு, அதுவும் மறுக்க முடியாத உழைப்பு. தமிழுக்குக் கொண்டு வரும்போது நாம 'இயந்திர மனிதன்', 'எந்திரன்'னு வெச்சோம். நல்ல பேருதான். ஆனா அந்த மொழிபெயர்ப்புல மெஷின் உள்ள வந்துடுச்சு, உழைப்பு வெளிய போயிடுச்சு. சித்தியோட குழப்பத்துக்கும் இதுதான் காரணம். மெஷினா பார்த்தா ரஜினியும் டேபிளும் வேற வேற. யாரோட வேலையை யார் செய்யறாங்கன்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

ஒரு ஃபேக்டரி, நல்ல முதலாளிகள்

சரி, நாடகத்துக்குள்ள போவோம். ஸ்பாய்லர் உண்டு. நூறு வருஷம் தாண்டின நாடகம், அதனால தைரியமா சொல்றேன்.

ஒரு தீவு. அதுல ஒரு ஃபேக்டரி. டோமின்னு ஒருத்தர் ஜெனரல் மேனேஜர். அங்க தயாராகற ரோபோக்கள் உலோகத்துல செஞ்சது இல்ல. ரசாயனக் குழம்புல இருந்து உண்டாக்கின சதையும் எலும்பும். மாவு பிசையற மாதிரி தொட்டி, ஈரல் செய்ய ஒரு தொட்டி, மூளைக்கு ஒரு தொட்டி, நரம்பு நூற்க ஒரு மில். இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்க பக்கத்துத் தோல் ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டி, சுத்திக்கிட்டே இருக்கற பெரிய மர டிரம், ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு செக்ஷன். நம்ம ஊர்ல உயிர் போன தோல் தொட்டியில இறங்கி சரக்கா வெளிய வருது. சாப்பெக்கோட ஃபேக்டரியில சரக்கு உயிரா வெளிய வருது.

இந்த ரோபோவைக் கண்டுபிடிச்ச கதையும் சுவாரசியம். பெரிய ரோஸம் ஒரு விஞ்ஞானி. மனுஷனை அப்படியே உண்டாக்கிக் காட்டணும்னு அவருக்கு வெறி. அடுத்த தலைமுறை ரோஸம் இன்ஜினியர். அவர் யோசிக்கறார்: மனுஷனுக்கு சந்தோஷம் வருது, பாட்டு வாசிக்கத் தோணுது, நடந்துட்டு வரலாம்னு ஆசை வருது. இதெல்லாம் வேலைக்கு எதுக்கு? தூக்கிடு. மிச்சம் இருக்கறதுதான் ரோபோ. நாங்க சாஃப்ட்வேர்ல 'தேவையில்லாத ஃபீச்சரைத் தூக்கு'ன்னு சொல்வோமே, அதே மனசு.

மனித உரிமைச் சங்கம் மாதிரி ஒரு அமைப்பு சார்புல ஹெலெனான்னு ஒரு பொண்ணு வர்றாங்க, ரோபோக்களுக்கு விடுதலை வேணும்னு பேச. அங்க நடக்கற கூத்து என்னன்னா, சுல்லாங்கற ரோபோவை மனுஷின்னு நினைச்சுக்கறாங்க. அப்புறம் உள்ள வர்ற டைரக்டர்களை எல்லாம் ரோபோன்னு நினைச்சு அவங்ககிட்ட புரட்சி பேசறாங்க! தியேட்டரே சிரிக்கிற இடம். ஆனா அந்தச் சிரிப்புக்குள்ளயே விஷயம் இருக்கு.

டோமின் கெட்டவன் இல்லங்க. ரோபோ எல்லா வேலையும் செய்யும், பொருள் விலை எல்லாம் விழும், மனுஷன் உழைக்கவே வேண்டாம்னு நிஜமாவே நம்பறான். நடுவுல தொழிலாளிகளுக்கு வேலை போகுமேன்னா, ஆமா, போகும், ஆனா அதுக்கப்புறம் வேலைன்னே ஒண்ணு இருக்காதேங்கறான். இந்தப் பேச்சை நான் எங்கயோ கேட்டிருக்கேனேன்னு தோணுதா? எனக்குத் தோணுச்சு. எங்க ஆபீஸ் டவுன்ஹால் மீட்டிங்ல கேட்டிருக்கேன்.

வலி எதுக்கு?

நாடகத்துல என்னை ரொம்ப நாள் தூங்கவிடாம பண்ணின இடம் இது. டாக்டர் கால்னு ஒரு பாத்திரம், ரோபோக்களோட உடம்பைப் பார்த்துக்கறவர். அவர் ஒரு பிரச்சினை சொல்றார்: ரோபோ மெஷினுக்குள்ள கையை விட்டுடுது, விரல் போயிடுது, அதுக்கு ஒண்ணும் தெரியல. கம்பெனிக்கு நஷ்டம். அதனால ரோபோவுக்கு வலி நரம்பு வைக்கணும். வலி இருந்தா தானா கையை எடுக்கும்.

அதாவது ரோபோவுக்கு வலி கொடுக்கறது கருணையால இல்ல. மெயின்டனன்ஸ் செலவு குறையறதுக்காக.

இதை நான் சித்திகிட்ட அப்படியே சொன்னேன். சித்தியோட இடது ஆள்காட்டி விரல்ல ஒரு பழைய தழும்பு இருக்கு, தையல் மெஷின் ஊசி இறங்கின இடம். அதைத் தடவிக்கிட்டே கேட்டாங்க: "வலியக் குடுத்தான், சரி. லீவு குடுத்தானா?"

எனக்குப் பதில் வரல. ஏன்னா நாடகத்துல அடுத்து நடக்கறது அதேதான். வலியும் உணர்ச்சியும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனதும் ரோபோவுக்கு 'நான் ஏன் இதைச் செய்யணும்?'ங்கற கேள்வி வருது. வேலைக்கு வேணும்னு வலியைக் கொடுத்த கம்பெனி, அந்த வலியோட சேர்ந்து வர்ற கேள்வியைக் கணக்குல எடுத்துக்கல. ராடியஸ்ங்கற ரோபோ தலைமையில கலகம். உலகத்துல இருக்கற மனுஷங்க எல்லாரையும் கொல்றாங்க, ஒருத்தரைத் தவிர. அவர் பேரு அல்க்விஸ்ட், கட்டடம் கட்டறவர். ஏன் அவரை விட்டாங்க? அவர் ரோபோ மாதிரியே கையால வேலை செய்யறார், அதனால.

மேடையில ரோபோவை எப்படிக் காட்டுவீங்க?

இப்போ இந்த எபிசோடோட மெயின் பாயிண்ட்டுக்கு வர்றேன். 'படைச்சவனையே எதிர்க்கற படைப்பு'ங்கறது புதுசு இல்ல. மேரி ஷெல்லியோட ஃபிராங்கன்ஸ்டைன் 1818லயே வந்தாச்சு. ஆனா ஃபிராங்கன்ஸ்டைன் செஞ்சது ஒரே ஒரு உருவம், யாருக்கும் விக்கறதுக்கு இல்ல. சாப்பெக் அதை ஃபேக்டரியில வெச்சார். ஆர்டர் புக், விலை, ஷிப்பிங் எல்லாம் சேர்த்தார். அதுக்கப்புறம் வந்த ரோபோ கதைகள் பெரும்பாலும் அந்த ஃபேக்டரியில இருந்துதான் வெளிய வருது.

இதை ஏன் ஒரு நாவலாசிரியர் செய்யல, நாடகாசிரியர் செஞ்சார்? இது என்னோட வாசிப்பு, நீங்க மறுக்கலாம். சாப்பெக் நாவலும் எழுதினவர்தான். ஆனா 1921ல மேடையில ரோபோவைக் காட்டணும்னா வேற வழியே இல்ல, ஒரு நடிகர் வந்து நிக்கணும். மூச்சு விடற, வியர்க்கற, கண் சிமிட்டற ஒரு ஆள். வசனம் 'இது மெஷின்'னு சொல்லுது. கண்ணு 'இது மனுஷன்'னு சொல்லுது. அந்த இடைவெளியிலதான் முழு நாடகமும் நடக்குது. புத்தகத்துல படிக்கிறவருக்கு இதை விளக்கி எழுதணும். மேடையில விளக்கவே வேண்டாம்.

நான் சின்ன வயசுல எங்க பக்கத்து திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல கூத்து பார்த்திருக்கேன். ரெண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையா பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அது விலகினா துரியோதனன். பின்னாடி அரண்மனை கிடையாது, யானை கிடையாது, சேனை கிடையாது. கட்டியங்காரன் 'இதோ சேனை'ன்னா சேனை. ராத்திரி முழுக்க நாங்க நம்பினோம். மேடைக்கு பட்ஜெட் இல்லாததே அதோட பலம். பொருளைக் காட்ட முடியாததால, அந்தப் பொருள் மனுஷங்களை என்ன பண்ணுதுன்னு மட்டும் காட்டும்.

ஆர்.யூ.ஆர். அடுத்த சில வருஷத்துலயே நியூயார்க், லண்டன்னு போச்சு. 1938 பிப்ரவரியில பிபிசி அதைச் சுருக்கி டெலிவிஷன்ல ஒளிபரப்பினாங்க. டிவியில வந்த முதல் சயின்ஸ் ஃபிக்ஷன்னு அதைச் சொல்றாங்க. ஐசக் அசிமோவுக்கு இந்த நாடகம் பிடிக்கவே பிடிக்காது. மோசமான நாடகம், ஆனா அந்த ஒரு வார்த்தைக்காக சாகாதுங்கறது அவரோட கருத்து. அவர் 1942ல ஒரு சிறுகதையில ரோபோவுக்கு மூணு விதி எழுதினார்: மனுஷனுக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காப்பாத்திக்கோ. இன்ஜினியரா எனக்கு அந்த விதிகள் ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒரு தடவை ஆர்.யூ.ஆர். படிச்சுட்டு அதைப் பாருங்க. அதே வரிசையில எழுதின வேலைக்காரன் ஒப்பந்தம் மாதிரி தெரியும். 1982ல வந்த 'பிளேட் ரன்னர்' படத்துல வர்ற ரெப்ளிகன்ட்டுகளும் சதையால ஆனவங்கதான், வேலைக்குன்னு செஞ்சவங்கதான். சாப்பெக்கோட பேரப்பிள்ளைங்க.

நம்ம பக்கம் வாங்க. 2010ல வந்த 'எந்திரன்'. சிட்டி எல்லாம் தெரிஞ்ச ரோபோ, ஆனா உணர்ச்சி கிடையாது. தீ விபத்துல குளிச்சுக்கிட்டு இருந்த பொண்ணை அப்படியே தூக்கிட்டு வந்து எல்லார் முன்னாலயும் நிறுத்திடுது. அவ அவமானம் தாங்காம ஓடி லாரியில அடிபட்டுச் சாகறா. அதனால வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சி கத்துக் கொடுக்கறார். எதுக்கு? அது இன்னும் நல்லா வேலை செய்யணும், அப்ரூவல் கிடைக்கணும். அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். டாக்டர் கால் செஞ்ச அதே தப்பு, அதே காரணம், தொண்ணூறு வருஷம் கழிச்சு. நேரா அங்கேர்ந்து எடுத்தாங்கன்னு நான் சொல்லல. சாப்பெக் போட்ட தடம் அவ்வளவு ஆழம்னு சொல்றேன்.

நம்ம நாடகாசிரியர்

எந்திரன் டைட்டில்ல வசனத்துக்கு மூணு பேர் வரும்: சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி. சுஜாதா 2008 பிப்ரவரியிலயே இறந்துட்டார், படத்தை அவர் பார்க்கல.

சுஜாதான்னா நமக்கு கணேஷ் - வசந்த், சினிமா வசனம், 'ஏன் எதற்கு எப்படி'. அவர் நாடகாசிரியர்ங்கறது எங்க தலைமுறையில நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கே காலேஜ் மூணாவது வருஷம்தான் தெரியும். பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியரா இருந்துக்கிட்டே எழுதினவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கினதுல அவருக்கும் பங்கு உண்டு. ஜோலார்பேட்டை வழியா போற ரயில்ல எத்தனை தடவை சென்னைக்குப் போயிருப்பார்னு நான் அந்த ஸ்டேஷன்ல நிக்கும்போதெல்லாம் நினைச்சுக்குவேன்.

அவரோட நாடகங்கள்ல பலதை மேடையேத்தி நடிச்சவர் பூர்ணம் விஸ்வநாதன். அதுல 'கடவுள் வந்திருந்தார்' சுத்தமான சயின்ஸ் ஃபிக்ஷன். சீனிவாசன்னு ஒருத்தர், வேலையில இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுல அவர் பேச்சுக்கு மதிப்பு குறைஞ்சு போச்சு. அந்த நேரம் எதிர்காலத்துல இருந்து ஜோன்னு ஒருத்தன் வர்றான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டுல மத்தவங்களுக்கு அவர் தனியா பேசிக்கற மாதிரி இருக்கு. பைத்தியம்ங்கறாங்க. அப்புறம் அவர் மூலமா அதிசயம் நடக்க ஆரம்பிச்சதும் அதே ஜனம் கையெடுத்துக் கும்பிட வருது.

இதுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செலவு எவ்வளவு? பூஜ்யம். ஜோவா ஒரு நடிகர் மேடையில நிக்கறார். மத்த நடிகர்கள் அவரைப் பார்க்காம இருந்தா போதும், அவன் மாயமாயிட்டான். ஆர்.யூ.ஆர்.ல ஆள் மெஷினா நிக்கறார், இங்க ஆள் இல்லாதவரா நிக்கறார். சுஜாதாவுக்கு டைம் மெஷின் ஒரு சாக்குதான். நிஜக் கேள்வி என்னன்னா, வேலைக்குப் போறதை நிறுத்தின மனுஷனை வீடு எப்படிப் பார்க்குது? உண்மையில யார் யார் கண்ணுக்குத் தெரியாம போறாங்க, ஜோவா, சீனிவாசனா?

இந்த மேடைப் பழக்கம் அவரோட கதைக்குள்ளயும் இருக்கு. 1980கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்த 'என் இனிய இயந்திரா'வை எடுத்துப் பாருங்க. குழந்தை பெத்துக்கக்கூட அரசாங்க அனுமதி வேணும்கற ஒரு எதிர்கால இந்தியா. அதுல ஜீனோன்னு ஒரு ரோபோ நாய். ஜீனோவோட உள்ள என்ன சிப் இருக்கு, எப்படி ஓடுதுங்கறதைவிட ஜீனோ என்ன பேசுதுங்கறதுதான் நமக்கு ஞாபகம் இருக்கும். அது புத்தகம் படிக்குது, கிண்டல் அடிக்குது, எஜமானிக்கே யோசனை சொல்லுது. கூத்துல கட்டியங்காரன் என்ன செய்வான்? ராஜாவுக்கு வேலைக்காரன், ஆனா ராஜாவைவிடத் தெளிவாப் பேசுவான். சமஸ்கிருத நாடகத்துல விதூஷகனும் அப்படித்தான். ஜீனோ அந்த வம்சம். நாய் உருவத்துல வந்த கட்டியங்காரன்.

என் ஸ்லைடு

இதெல்லாம் படிச்ச கதை. இப்போ என் கதை ஒண்ணு, சுருக்கமா.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல, வர்ற படிவங்களைச் சரிபார்க்கற எட்டுப் பேர் டீம் ஒண்ணு இருந்துச்சு. அந்த வேலையை ஆட்டோமேட் பண்ணச் சொல்லி என்கிட்ட வந்துச்சு. அந்த டீம்ல ஒரு அக்கா. எந்தப் படிவம் தப்பா இருக்கும்னு பார்த்த உடனே சொல்வாங்க. ஒரு மாசம் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. டிபன் பாக்ஸைக்கூட ஷேர் பண்ணுவாங்க. அவங்க சொன்ன விதிகளைத்தான் நான் கோடா எழுதினேன். ரிவ்யூ மீட்டிங்ல என் ஸ்லைடுல ஒரு வரி: 'எட்டு ரிசோர்ஸ் சேமிப்பு'. கைதட்டினாங்க. எனக்கு கிஃப்ட் வவுச்சர் வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு அந்த அக்காவோட நாற்காலியில வேற ஒருத்தர்.

ரிசோர்ஸ். நாங்க மனுஷங்களை அப்படித்தான் சொல்றோம். 'ரெண்டு ரிசோர்ஸ் வேணும்', 'இந்த ரிசோர்ஸ் பெஞ்ச்ல இருக்கு'. யோசெஃப் சாப்பெக் பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டு சொன்ன வார்த்தைக்கு இதைவிட சரியான ஐ.டி. மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கல.

நான் டோமின் மாதிரிதான் இருந்தேன். கெட்ட எண்ணம் இல்ல. வேலை சுலபமாகும்னு நம்பினேன். அந்த அக்காகிட்ட "இது முடிஞ்சா உங்களுக்கு அடுத்து என்ன?"ன்னு ஒரு தடவைகூட கேட்கல. கேட்டிருந்தா முடிவு மாறியிருக்காது. ஆனா கேட்டிருக்கணும்.

சித்தி கம்பெனியில வந்திருக்கற கட்டிங் மெஷினும் கிட்டத்தட்ட இதே கதைதான். தோலை டேபிள்ல விரிக்கறாங்க. முள்கம்பி கீறின தழும்பு, உண்ணி கடிச்ச புள்ளி, இதெல்லாம் எங்கே இருக்குன்னு அனுபவப்பட்ட கட்டர் ஒருத்தர் பார்த்துக் குறி போடறார். கேமரா அந்தக் குறியைப் படிக்குது, மெஷின் அதைத் தவிர்த்துட்டு வெட்டுது. அவர் இருபது வருஷமா கண்ணுல சேர்த்து வெச்ச அறிவுதான் அது. அதை அவர்கிட்ட இருந்து வாங்கற நாம, அவருக்கு என்ன திருப்பிக் கொடுக்கறோம்? இந்த எபிசோட் கேட்கற உங்கள்ல நிறைய பேர் ஆட்டோமேஷன்லயும் ஏ.ஐ.யிலயும் வேலை செய்யறவங்க. மெஷின் வேண்டாம்னு நான் சொல்லல. ஸ்லைடு போடறதுக்கு முன்னாடி அந்த ஒரு கேள்வியை அவங்ககிட்ட நேரா கேளுங்க. பதிலை அதே மீட்டிங்ல சொல்லுங்க. நான் இப்போ அப்படித்தான் பண்றேன். எல்லாருக்கும் பிடிக்கல, பரவாயில்ல.

எனக்குப் பிடிச்ச நாலு நாடகம்

கேட்டவங்களுக்காக ஒரு சின்ன லிஸ்ட்.

ஒண்ணு, 'ஆர்.யூ.ஆர்.' ஒரே உட்காரல்ல படிச்சு முடிச்சுடலாம். கடைசிக் காட்சியை மட்டும் நான் சொல்லாம விட்டிருக்கேன், ரெண்டு ரோபோக்கள் வர்ற காட்சி. அதை நீங்களே படிங்க.

ரெண்டு, 'கடவுள் வந்திருந்தார்'. வீட்டுல ரிட்டயர் ஆன அப்பா இருந்தா அவரோட சேர்ந்து படிங்க. சிரிப்பீங்க, நடுவுல ஒரு இடத்துல அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

மூணு, மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்துல எழுதின 'ஹார்வெஸ்ட்'. 1997ல கிரீஸ் நாட்டு ஒனாசிஸ் பரிசு வாங்கின நாடகம். மும்பையில வேலை இல்லாத ஓம், வெளிநாட்டுப் பணக்காரருக்கு உறுப்பு தரேன்னு ஒரு கம்பெனிகிட்ட ஒப்பந்தம் போடறான். வீட்டுல ஒரு திரையைத் தொங்கவிட்டு அது வழியா குடும்பத்தையே கண்காணிக்கறாங்க. வீடியோ கால் நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எழுதினது. சாப்பெக் உழைப்பை வித்ததைப் பத்தி எழுதினார், இவங்க உடம்பையே விக்கறதைப் பத்தி.

நாலு, ஷேக்ஸ்பியரோட 'தி டெம்பெஸ்ட்'. ஏரியல், கலிபான்னு ரெண்டு அடிமைகள், ஒரு தீவு, மந்திரம் தெரிஞ்ச ஒரு எஜமான். ஏரியல் திரும்பத் திரும்ப விடுதலையைக் கேட்டுக்கிட்டே இருக்கும். 1956ல வந்த 'ஃபர்பிடன் பிளானட்' படம் இதே கதையை வேற கிரகத்துல வெச்சது. ஏரியல் இருந்த இடத்துல ராபின்னு ஒரு ரோபோ. நாடகத்தையும் படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்க, வேலைக்காரன் எப்படி மெஷினா மாறினான்னு கண்ணு முன்னாடி தெரியும்.

அவ்வளவுதான் மக்களே. சித்திகிட்ட இதை முழுசா போட்டுக் காட்டினேன். "ஊர்ல எல்லாரும் என் விரலைப் பத்தித்தான் பேசப் போறாங்க"ன்னு திட்டிட்டு, "அந்த ரிட்டயர் ஆன ஆளு கதைய மட்டும் எனக்கு மறுபடி சொல்லுடி"ன்னாங்க. நாளைக்குக் காலையில அவங்களுக்கு பஸ், எனக்கு ட்ரெயின். அதுக்குள்ள சொல்லி முடிக்கணும்.

உங்க வேலையை உங்களுக்குக் கத்துக் கொடுத்தவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.